சார்லாண்டின் பதினொரு வாக்குகள்

சார்புரூக்கன்
3 மார்ச் 2025

அன்புள்ள அண்ணை,

நலமா என்று கேட்கவில்லை. உங்கள் பிரஷர், நீங்கள் உப்பைக் குறைத்தது, குறைத்ததாகச் சொல்லிவிட்டு ஊறுகாய்ப் போத்தலைக் கராஜில் ஒளித்து வைத்தது எல்லாம் லலிதா மச்சாள் சொல்லித்தான் வருகிறா. உங்கள் கைபேசியில் என் எண்ணை அடைத்து ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகிவிட்டது. அதனால்தான் முத்திரை ஒட்டி எழுதுகிறேன். தபால்காரரை அடைக்க உங்களால் ஏலாது.

நல்ல செய்தி ஒன்று. வேணுஜாவுக்குக் கலியாணம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளையின் பெயர் நிலக்சன். எர்லாங்கனில் எஞ்சினியர், தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர். பெண் பார்க்கவும் சைக்கிளில் வந்துவிடுவாரோ என்று பயந்தேன். ரயிலில்தான் வந்தார், ஆனால் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வந்தார். பிள்ளை வடிவாகத் தமிழ் கதைக்கிறார். இரண்டாம் தரமும் புட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஓகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். வேணுஜாவின் அப்பா போய் ஆறு வருடம். அவர் இருந்திருந்தால் நான் உங்களுக்கு இப்படிக் கெஞ்சி எழுத வேண்டி வந்திராது. தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமன்தான் தாரை வார்க்க வேண்டும். அழைப்பிதழ் மே முதல் வாரம் அச்சுக்குப் போகிறது. கன்னிகாதானம் செய்பவர்கள் என்ற இடத்தில் உங்கள் பெயரையும் மச்சாளின் பெயரையும் போடலாமா? ஓம் என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

தங்கை
குமுதினி

---

பிராங்பேர்ட்
10 மார்ச் 2025

குமுதினி,

உன் கடிதம் 5ஆம் திகதி கிடைத்தது. கிடைத்த திகதியை உறையின் மேல் குறித்து வைத்திருக்கிறேன். வேணுஜாவுக்கு என் ஆசீர்வாதம். அந்தப் பிள்ளை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சைக்கிள்காரர் மேலும் இல்லை.

ஆனால் உன்னோடு ஒரு விடயம் தீராமல் கிடக்கிறது. நீ மறந்தது போல நடிப்பாய் என்பதால் முழுவதையும் எழுதுகிறேன். 2023 நவம்பரில் நம் முத்தமிழ்ப் பேரவையின் தலைவர் தேர்தல் நடந்தது. பதினொரு மாநிலக் கிளைகள், மாநிலத்துக்கு ஒரு வாக்கு. மியூனிக் வசந்த்குமாருக்கு ஆறு மாநிலம், எனக்கு ஐந்து. யேர்மனி முழுவதும் ஆட்களை எண்ணினால் நாற்பத்தொரு பேர் எனக்குத்தான் கூட. இருந்தும் தோற்றேன். ஏன்? சார்லாண்ட்!

யேர்மனியின் வரைபடத்தில் தேநீர்க் கோப்பை வைத்தால் மறைந்துபோகும் மாநிலம். மொத்தம் பதினொரு வாக்காளர்கள். சிறிய மாநிலமும் பெரிய மாநிலமும் சமம் என்று பேரவையின் சட்ட யாப்பில் எழுதியவனே நான்தான். அந்த யாப்பில் நான் எழுதாத ஒரு வரி கிடையாது. ஏன் அப்படி எழுதினேன் என்று இன்று சொல்கிறேன். சார்லாண்டில் என் தங்கை இருக்கிறாள், அந்த ஒரு மாநிலம் என்றைக்கும் என் பக்கம் என்று நம்பினேன். வந்த முடிவு என்ன? வசந்த்குமார் நாலு, சிவகுருநாதன் இரண்டு.

அந்த இரண்டு வாக்கும் யாருடையவை என்று எனக்குத் தெரியும். ஜெயச்சந்திரனும் சஜிதாவும் வாக்குச் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார்கள். அது இரகசிய வாக்கெடுப்பு விதிக்கு முரண், கண்டித்துப் பதில் எழுதினேன், படத்தை வைத்திருக்கிறேன். அப்படியென்றால் உன் வாக்கு எங்கே?

இதற்குப் பதில் தெரியாமல் நான் எந்த மண்டபத்துக்கும் வரமாட்டேன். வாக்குச் சீட்டில் சொந்த அண்ணனின் பெயருக்கு நேரே ஒரு புள்ளடி கீறக் கை வராதவள், மகளைத் தாரை வார்க்க அதே அண்ணனின் கையைக் கேட்பது எந்த நியாயம்?

சிவகுருநாதன்
(முன்னாள் சட்டச் செயலாளர்)

பி.கு: லலிதா குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு உன்னோடு கதைப்பது எனக்குத் தெரியும். தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று சொல்.

---

சார்புரூக்கன்
16 மார்ச் 2025

முன்னாள் சட்டச் செயலாளர் அவர்களுக்கு,

உங்கள் யாப்பை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் பிரிவு: "வாக்காளர் தமது வாக்கை எவருக்கும் வெளிப்படுத்தக் கட்டாயப்படுத்தப்படலாகாது." நீங்கள் எழுதியது. நான் அதைக் கடைப்பிடிக்கிறேன். வேறென்ன?

அண்ணை, பகிடியை விட்டுச் சொல்கிறேன். நிலக்சனின் தாயார் சயந்தினி அக்கா நேற்றுப் போன் எடுத்தா. "தாரை வார்க்கிறது ஆர் எண்டு சொல்லுங்கோ, எங்கட பக்கத்திலயும் கேக்கினம்" என்றா. பிராங்பேர்ட்டில் தாய்மாமன் இருக்கிறார் என்றேன். "அவர் வாறாரோ?" என்றா. வேலை அதிகம், இன்னும் விடுமுறை உறுதியாகவில்லை என்றேன். ஓய்வு பெற்று மூன்று வருடமான மனிதருக்கு விடுமுறை! பொய் சொல்லும்போது எனக்குக் காது சுட்டது.

வேணுஜா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், "மாமா வராட்டி விடுங்கோ அம்மா, நீங்களே தாரை வாருங்கோ. இது எந்தக் காலம்?" என்றாள். அவளுக்குச் சொல்வது சுகம். மண்டபத்தில் முந்நூறு பேர் இருப்பார்கள். மணவறையில் என்னைக் கண்டதும் அவர்கள் பக்கத்து ஆளிடம் திரும்புவார்களே, அந்தத் திரும்பலை என் பிள்ளையின் நாளில் நான் பார்க்க வேண்டுமா?

ஒரு தேர்தல் தோற்றீர்கள். அந்த மியூனிக் தம்பி ஒன்றும் பேரவையைத் தின்றுவிடவில்லையே.

குமுதினி

---

பிராங்பேர்ட்
24 மார்ச் 2025

குமுதினி,

தின்றுவிட்டார். கூட்டங்களைக் குறித்த நேரத்துக்குத் தொடங்குகிறார். ஆறு மணி என்றால் ஆறு மணி. நான் ஆறே முக்காலுக்கு வழக்கம் போல முன்கூட்டியே போனேன், கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மின்னஞ்சலில் "டியர் சார், மிஸ் பண்ணிட்டோம்" என்று அவரே எழுதினார். இவ்வளவு மரியாதையான எதிரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நீ சொல்லாவிட்டால் நானே கணக்குப் போட்டு எடுக்கிறேன். உங்கள் மாநிலத்தில் பதினொரு பேர். நாலு பேர் வசந்த்குமாருக்கு. அவர்களுடைய பிள்ளைகள் அவருடைய இணையவழிச் சங்கீத வகுப்பில் இருக்கிறார்கள், அதைப் புரிந்துகொள்ளலாம். இரண்டு பேர் எனக்கு. மீதி ஐந்து பேர் வாக்கே போடவில்லை. அந்த ஐந்தில் ஒருத்தி நீ. மற்ற நாலு பேரும் உன் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை தோறும் வந்து தேநீர் குடிக்கிறவர்கள். ஐந்து பேரும் ஒன்றாகச் சேர்ந்து வாக்குப் போடாமல் இருந்தால் அது சோம்பல் இல்லை, தீர்மானம். உன் வீட்டு வடையைத் தின்றுகொண்டு எடுத்த தீர்மானம்.

ஆகவே உங்கள் தேர்தல் அலுவலர் வெரோனிக்காவுக்கு முறைப்படி ஒரு விண்ணப்பம் அனுப்பினேன். வாக்குச் சீட்டுகளைப் பத்து வருடம் பாதுகாக்க வேண்டும், வேட்பாளர் கேட்டால் காட்ட வேண்டும். இருபதாம் பிரிவு, நான் எழுதியது. ஏப்ரல் 12, சனிக்கிழமை, பதினொரு மணிக்கு நேரம் தந்திருக்கிறா.

சிவகுருநாதன்

---

சார்புரூக்கன்
28 மார்ச் 2025

அண்ணை,

வெரோனிக்கா வீட்டுக்குப் போக வேண்டாம்.

நான் வாக்குப் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாலு பேரையும் போட வேண்டாம் என்று சொன்னதும் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றால் அப்படியே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், நீங்கள் திகதி குறித்துக் கோப்பில் வையுங்கள். உங்கள் தங்கை பொல்லாதவள். சரிதானே? பொல்லாதவளை மன்னித்துவிட்டு ஓகஸ்ட் 31 அன்று பட்டு வேட்டியோடு வாருங்கள்.

சனிக்கிழமைகளில் மான்ஹைமில் ரயில் பிந்தும். மழையும் பெய்யும் என்கிறார்கள். உங்கள் முழங்காலுக்கு அந்தப் படிகள் ஏலாது, அவ நாலாம் மாடி, லிப்ட் இல்லை. இவ்வளவு கஷ்டப்பட்டு நாலு தாளைப் பார்த்து என்ன வரப்போகிறது?

தயவு செய்து போகாதேங்கோ, அண்ணை.

குமுதினி

---

மான்ஹைம் ரயில் நிலையம்
12 ஏப்ரல் 2025, பின்னேரம்

குமுதினி,

நீ சொன்னபடி ரயில் பிந்திவிட்டது. எழுபது நிமிடம் என்று பலகையில் போட்டிருக்கிறார்கள். கோப்பிக் கடையில் இருந்துகொண்டு, வெரோனிக்கா தந்த தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

நாலு மாடியையும் ஏறினேன். வெரோனிக்கா மூச்சு வாங்க விடாமல் கேக் தந்தா, பிறகு கோப்பைத் திறந்தா. முதல் பிளாஸ்டிக் உறையில் ஆறு சீட்டு. நாலு, இரண்டு. எனக்குத் தெரிந்ததுதான். அடுத்த உறையை என் பக்கம் தள்ளிவிட்டு, ஜன்னலடியில் போய்ப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கிவிட்டா. அதில் ஐந்து சீட்டு. ஐந்திலும் என் பெயருக்கு நேரே புள்ளடி. மேலே சிவப்பு மையில் "செல்லாதது".

"ஏன் பிள்ளை செல்லாது?" என்றேன்.

"மூலையைப் பாருங்கோ அண்ணை."

பார்த்தேன். நாலு மூலையிலும் மஞ்சள். கலியாண அழைப்பிதழுக்குப் பூசுவது போல, அளவாக, ஒழுங்காக. வைத்த விரலின் ரேகை கூடத் தெரிந்தது.

"இது மஞ்சள்தானே. மங்கலத்துக்கு வைச்சது. இதுக்கு ஆராவது வாக்கைத் தள்ளுவினமோ?" என்று சத்தம் போட்டுவிட்டேன். வெரோனிக்கா யாப்பின் பதினாலாம் பிரிவை எடுத்து வைத்தா. "புள்ளடி தவிர்ந்த எந்த அடையாளமோ, எழுத்தோ, கறையோ உள்ள சீட்டுச் செல்லாது." 2011இல் எதிரணிக்காரர் ஒருவர் தன் ஆளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வேல் கீறிவிட்டார் என்று, ஒரு கிழமை நித்திரை கொள்ளாமல் நான் எழுதிச் சேர்த்த பிரிவு. அன்று எனக்குக் கைதட்டினார்கள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. "எனக்கும் மனம் கேக்கேல்லை அண்ணை. எண்ணின அண்டைக்கே சட்டச் செயலாளருக்குப் போன் எடுத்தனான்" என்றா.

அன்று சட்டச் செயலாளர் நான்தானே!

நினைவு வந்துவிட்டது. மூலையில் ஓர் அடையாளம் உள்ள சீட்டுகள் கிடக்கின்றன, என்ன செய்வது என்று அவ கேட்டா. யாருடைய வாக்கு என்று சொல்லவில்லை, சொல்ல விதி இல்லை. எத்தனை சீட்டு என்று நானும் கேட்கவில்லை. மியூனிக்காரரின் ஆட்கள் ஏதோ தில்லுமுல்லு செய்துவிட்டார்கள் என்று நான் முடிவு கட்டினேன். "தள்ளு பிள்ளை, எல்லாத்தையும் தள்ளு. ஆரெண்டாலும் இரக்கம் பாராதை" என்றேன். சொல்லிவிட்டு லலிதாவிடம் பெருமையடித்து, அந்தச் சந்தோஷத்தில் ஊறுகாயும் சாப்பிட்டேன், அதோடு மறந்தும்விட்டேன்.

ஏழுக்கு நாலு என்று வென்ற மாநிலத்தை என் வாயால் நானே இரண்டுக்கு நாலு ஆக்கினேன். அந்த ஆறாவது மாநிலம் என் கையில்தான் இருந்திருக்கிறது. வெரோனிக்கா ஒன்றரை வருடமாக இதை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறா.

உன் வீட்டு மூலைக் கடை வரைக்கும் நடந்து வந்தேன். மேலே உன் சமையலறை ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது. மணி அடிக்க முகம் இல்லை, திரும்பிவிட்டேன்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. இதை நீ முதல் நாளே சொல்லியிருக்கலாமே. போடவில்லை என்று பொய் சொல்லி ஏன் பழியைத் தலையில் ஏற்றினாய்?

அண்ணை

---

சார்புரூக்கன்
17 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணை,

நீங்கள் மூலைக் கடையடியில் நின்றதை நான் கண்டேன். அடுப்பில் பருப்பு இருந்தது. அதை நிறுத்திவிட்டுப் படியிறங்கி வருவதற்குள் பஸ் ஏறிவிட்டீர்கள். முழங்கால் நோக்காரர் அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் குடை வெரோனிக்கா வீட்டில் கிடந்தது, வாங்கி வைத்திருக்கிறேன்.

முடிவில் எங்கள் ஐந்து வாக்கும் இல்லாததைக் கண்டு பதினாலாம் பிரிவை அன்றே எடுத்துப் பார்த்துவிட்டேன். முதலில் ஏன் சொல்லவில்லையென்றால், உங்கள் சட்டம்தான் உங்களைக் கவிழ்த்தது என்று உங்கள் முகத்துக்கு நேரே யார் சொல்வது? நீங்கள் அந்த யாப்பைச் சொந்தப் பிள்ளையைப் போல வளர்த்தீர்கள். தங்கை துரோகி என்றால் கோபத்தோடு நாலு வருடம் ஓட்டிவிடுவீர்கள். தன் பிழை என்றால் உடைந்துபோவீர்கள் என்று பயந்தேன்.

அது பாதிதான். மீதியையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த விரலுக்கு நிம்மதி வராது.

அன்று வெள்ளிக்கிழமை. ஐந்து பேரும் என் சாப்பாட்டு மேசையில் இருந்துதான் புள்ளடி போட்டோம். உறையில் வைக்கும் நேரம், நல்ல காரியத்துக்கு வெறும் தாளையா அனுப்புவது என்று எனக்கு மனம் வரவில்லை. மஞ்சள் குழைத்தேன். மற்ற நாலு பேரும் கட்டின புருஷனோடு நல்லபடியாக இருக்கிற பெண்கள். அவர்களிடம் கிண்ணத்தைக் கொடுத்து வைக்கச் சொல்லியிருக்கலாம், அதுதான் முறை. என் அண்ணனுக்கு என்ற ஆசையில் நானே வைத்தேன். வேணுஜாவின் அப்பா போனபிறகு நான் மஞ்சளைத் தொட்டு ஒரு மங்கலக் காரியம் செய்தது அதுதான் முதல் தரம். அதிலேயே நீங்கள் தோற்றீர்கள்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை அண்ணை. எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாலி இழந்தவள் வைச்ச கை அப்படி என்று. நீங்களும் அப்படி நினைத்துவிட்டால் பிறகு எனக்கு யார் இருக்கிறார்கள்? அதற்கு நீங்கள் என்னைத் துரோகி என்று நினைப்பதே மேல் என்று பட்டது. வேணுஜாவின் அழைப்பிதழுக்கு மஞ்சள் பூசவும் பக்கத்து வீட்டுப் பெண்ணைத்தான் கேட்டு வைத்திருக்கிறேன்.

இனி நீங்கள் வருவதும் வராததும் உங்கள் விருப்பம். நான் கேட்க மாட்டேன்.

குமுதினி

---

பிராங்பேர்ட்
22 ஏப்ரல் 2025

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை வாசிக்கத் தொடங்கி, பாதியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். மீதியை லலிதாதான் வாசித்துச் சொன்னா. வாசித்து முடித்துவிட்டு அவ குளியலறைக்குப் போகவில்லை, என் முன்னாலேயே உனக்குப் போன் எடுத்தா. நீ எடுக்கவில்லை. வேலையில் நின்றிருப்பாய். என் கைபேசியிலும் உன்னைத் திறந்துவிட்டேன். எப்படித் திறப்பது என்று தெரியாமல், வெட்கத்தை விட்டு மியூனிக்குக்குப் போன் அடித்துக் கேட்டேன். வசந்த்குமார் பொறுமையாகச் சொல்லித் தந்தார். நல்ல பொடியன்தான், நேரத்துக்கு வருவதுதான் ஒரே குறை.

அடி விசரி! உன் கைக்கு என்ன குறை? அந்தக் கை பூசிய ஐந்து வாக்கும் எனக்கு வந்து சேர்ந்தன. அவற்றைத் தூக்கி எறிந்தது என் வாய். இந்த ஒன்றரை வருடமும் என்னோடு கூடப் பிறந்தவள் எனக்கு வாக்குப் போடவில்லை என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். தலைவர் பதவி போனதைவிட அதுதான் என்னை வாட்டியது. இப்போது சொல்ல வெட்கமில்லை. இந்தத் தோற்ற தேர்தல் தந்த சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

அழைப்பிதழில் எங்கள் பெயரைப் போடு. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வேறு வேலை கொடு. முந்நூறு அழைப்பிதழுக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் நீதான் வைக்க வேண்டும், எனக்கு வருவதில் கொஞ்சம் கூடுதலாகவே வை. தாரை வார்க்கும்போது நீ பின்வரிசையில் போய் நிற்கக்கூடாது. எங்கள் கைக்குக் கீழே உன் கையும் இருக்கும். யாராவது திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும். ஐயர் ஏதாவது சொன்னால் முன்னாள் சட்டச் செயலாளர் நான் பேசிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு வேலை. பதினாலாம் பிரிவைத் திருத்தக் கோரித் தலைவர் வசந்த்குமாருக்கு ஒரு விண்ணப்பம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். புள்ளடியும் மஞ்சளும் தவிர்ந்த அடையாளம் என்று மாற்ற வேண்டும், அவ்வளவுதான். நான் நேரே அனுப்பவில்லை. முதலில் நீ அதன் நாலு மூலையிலும் உன் கையால் மஞ்சள் வைத்து, பிறகு மியூனிக்குக்கு அனுப்பிவிடு.

செல்லாது என்று சொல்லட்டும், பார்ப்போம்.

உன்
அண்ணை